தோட்டப் பிரியரான துணைக்குக் கிறிஸ்துமஸ் பரிசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 80-க்கும் மேற்பட்ட வளர்ப்புப் பைகளும், 20 மண்தொட்டிகளும், ஓட்டை விழுந்த தண்ணீர் டிரம் ஒன்றை இரண்டாக அறுத்துச் செய்த இரண்டு பெரிய தொட்டிகளும் இருக்கின்றன. அவை அனைத்தும் என் மனைவியின் ஆளுகைக்கு உட்பட்டவை. எங்களுக்குத் திருமணமாகி 21 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 18 கிறிஸ்துமஸ்களுக்கு நான் தோட்டம் சார்ந்த ஏதாவது ஒன்றையே அவருக்குக் கொடுத்து வந்திருக்கிறேன். டிசம்பர் பிறந்து, கேரல் பாடுகிறவர்கள் வீடு வீடாக வரத் தொடங்கும் நாட்களில், சபையிலும் உறவிலும் உள்ள கணவர்மாரும் மனைவிமாரும் என்னிடம் கேட்கிற கேள்விகளையும், நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

என் மனைவிக்குச் செடி என்றால் உயிர். எனக்குத் தோட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பரிசை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு வாரம் மாடிக்குப் போங்கள். அவர் தண்ணீர் ஊற்றும்போதும் களை பறிக்கும்போதும் அருகில் நின்று, கையில் எதைப் பிடித்திருக்கிறார், எதைத் தேடுகிறார், எந்த வேலைக்கு உரிய கருவி இல்லாமல் வேறு எதை வைத்துச் சமாளிக்கிறார் என்று பாருங்கள். தோட்டத்தைப் பற்றித் தெரியாதது ஒரு குறையே அல்ல. தோட்டம் செய்கிறவரைக் கவனித்தால் போதும்.

நான் கவனித்தது ஒரு கத்தரியை. என் மனைவி வைத்திருந்த கவாத்துக் கத்தரியின் (கிளைகளை வெட்டிச் சீராக்கும் கத்தரி) ஒரு பக்கப் பிடியில் சிவப்பு உறை உரிந்துபோய், அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. பிடியைத் தானாக விரிக்கும் சுருள்வில் எப்போதோ தெறித்துப் போயிருந்ததால், ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் இடக்கையால் பிடியைப் பிரித்துவிட்டு, மறுபடியும் வலக்கையால் அமுக்கி வெட்டினார். ஒரு மல்லிகைச் செடியைக் கவாத்து செய்து முடிப்பதற்குள் 40, 50 முறை அப்படிச் செய்ய வேண்டியிருந்தது. பெருவிரலின் அடியில் தோல் காய்த்துப் போயிருந்தது. "புதுசு வாங்கலாமே" என்று கேட்டபோது, "இது இன்னும் வெட்டுதுல்லா" என்றார். தோட்டக்காரர்களில் மிகப் பலர் செடிக்கும் மண்ணுக்கும் தாராளமாகச் செலவழிப்பார்கள். தங்கள் கைக்கு வேண்டிய கருவிக்குச் செலவழிக்கத் தயங்குவார்கள். துணையின் பரிசு நுழைய வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கவாத்துக் கத்தரி வாங்க முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்குவது?

கடையில் புரூனிங் கட்டர் என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்றில் இரண்டு அலகுகளும் சாதாரணக் கத்தரிக்கோலைப் போல ஒன்றையொன்று உரசிக் கடந்து செல்லும். மற்றொன்றில் கூரான ஒரே அலகு தட்டையான ஒரு பட்டையின் மேல் விழுந்து நிற்கும். பச்சைக் கிளைக்கு முதல் வகையே நல்லது, ஏனென்றால் அது தண்டை நசுக்காமல் வெட்டும். இரண்டாவது வகை காய்ந்த கட்டைகளுக்குப் பொருந்தும். ரோஜாவும் மல்லிகையும் செம்பருத்தியும் வளர்க்கும் வீட்டுக்கு முதல் வகையை வாங்குங்கள்.

பிடியின் அளவு முக்கியம். உங்கள் கையில் வைத்துப் பார்த்து வாங்காமல், உங்கள் மனைவியின் கை எவ்வளவு விரியும் என்று நினைத்துப் பார்த்து வாங்குங்கள். சுருள்வில்லும் அலகும் தனியாக மாற்றக் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்துக்கு விட்டு வெட்டுவது வழக்கம் என்பதால், கிறிஸ்துமஸ் வரை காத்திருந்தால் அந்த ஆண்டின் பெரிய வேலை முடிந்திருக்கும். ஆகவே நவம்பர் மாதத்திலேயே வாங்கி, "இது கிறிஸ்துமஸ் பரிசு, முன்கூட்டியே தருகிறேன்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவது நல்லது. நான் அப்படித்தான் கொடுத்தேன்.

புதிதாக வாங்க மனமில்லாவிட்டால், வீட்டில் இருக்கிற அரிவாளையும் களைக்கொத்தியையும் அவருக்குத் தெரியாமல் எடுத்துச் சென்று சாணை பிடித்துக் கொண்டுவந்து வைக்கலாம். ஊரில் இன்னும் கொல்லர் பட்டறை இருக்குமானால், கருவேலங்காம்பு போட்ட ஒரு சிறிய களைக்கொத்தியை அவர் கைக்கு ஏற்ற நீளத்தில் அடித்துத் தரச் சொல்லலாம். கடையில் தொங்கும் தகரக் கருவிகளை விட அது பல மடங்கு காலம் உழைக்கும்.

பண்டிகை நாளில் புடவையோ நகையோ கொடுக்காமல் உரமூட்டையைக் கொடுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

கோபிப்பாரா மாட்டாரா என்பது ஆளைப் பொறுத்தது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. எங்கள் மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு நான் ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தேன். அதை உடுத்திக்கொண்டு எங்கள் தேவாலயமான ஊசிக்கோபுரக் கோயிலில் அதிகாலை ஆராதனைக்கு வந்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீடு திரும்பிய பத்து நிமிடத்தில் பழைய நூல் புடவைக்கு மாறி, மாடியில் தக்காளிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு என்ன வேண்டும் என்று நேராகவே கேட்டேன். "ஏங்க, சேலை ஈஸ்டருக்கு எடுத்துக்கலாம். ரெண்டு மூட்டை மண்புழு உரம் வாங்கி, மாடி வரைக்கும் ஏத்திக் குடுத்துருங்க. அது போதும்" என்றார்.

அந்த வாக்கியத்தில் கவனிக்க வேண்டியது "மாடி வரைக்கும்" என்ற சொற்கள். எங்கள் வீட்டில் மாடிக்கு 38 படிகள். அதுவரை அவர் ஒவ்வொரு மூட்டையையும் கீழே பிரித்து, வாளி வாளியாகச் சுமந்து ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் அது நடந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. அந்த கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை 25 கிலோ மூட்டைகள் இரண்டையும் தோளில் வைத்து ஏற்றி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இறக்கினேன். தையலைப் பிரித்துக் கையை முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, "மழை பெஞ்ச மண்ணு மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னபோது இருந்த முகத்தை நான் வேறு எந்தப் பரிசுக்கும் பார்த்ததில்லை. என் அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "ஏல, நல்ல நாளும் அதுவுமா உரத்தையால வாங்கிக் குடுத்த?" என்று கடிந்துகொண்டார்கள். அவர்களுக்காக மறுநாள் ஒரு முழம் பூவும் வாங்கி வந்தேன். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும் நாட்கள் அவை.

உங்கள் வீட்டில் புடவைக்கும் எதிர்பார்ப்பு இருக்குமானால் இரண்டையும் கொடுங்கள். புடவைச் செலவை மிச்சம் பிடிப்பதற்காக உரத்தைக் கொடுக்காதீர்கள். அது உடனே தெரிந்துவிடும்.

நல்ல உரம் என்று எப்படி அறிவது?

நல்ல மண்புழு உரம் தேயிலைத் தூளைப் போலக் கருமையாக, உதிரி உதிரியாக இருக்கும், துர்நாற்றம் வராது. ஒரு பிடியை இறுகப் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மணல் கலந்திருந்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். தென்னை நார்க் கட்டி வாங்குவதாக இருந்தால், 5 கிலோ கட்டி ஒன்று தண்ணீரில் ஊறிச் சுமார் 70 லிட்டர் அளவுக்கு விரியும் என்பதை நினைவில் வைத்து, பைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்குங்கள். உப்பு நீங்க இரண்டு முறையாவது அலசிய பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும், அந்த அலசும் வேலையையும் நீங்களே செய்து கொடுத்தால் பரிசு முழுமையாகும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, அதோடு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு என்பது எங்கள் மாடியில் பல ஆண்டுகளாகக் கைகொடுத்து வருகிற கலவை.

டிசம்பரில் விதைப் பொட்டலங்கள் கொடுத்தால் பயன்படுமா?

நன்றாகப் பயன்படும், பருவம் பார்த்து வாங்கினால். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த நாம், தைப்பட்டத்தை மறந்துவிடுகிறோம். கிறிஸ்துமஸ் மார்கழி 9 அல்லது 10-ஆம் நாளில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் இன்னும் கடுமையாகாத காலம் அடுத்து இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை உடனே நாற்றுவிடலாம். புடலை, பீர்க்கு, பாகல், சுரை ஆகியவற்றைத் தை பிறந்ததும் ஊன்றலாம். முள்ளங்கியும் கொத்தமல்லியும் இந்தக் குளிர்ச்சியில் மிக நன்றாக வரும். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். முட்டைக்கோஸ், பூக்கோஸ் படம் போட்ட பொட்டலங்கள் கண்ணைக் கவரும். ஆனால் நம் சமவெளிக்கு டிசம்பர் கடைசி மிகவும் தாமதம். அவை திரளும் நேரத்தில் வெயில் வந்துவிடும்.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, விதை பரிசோதிக்கப்பட்ட தேதியையும் காலாவதி தேதியையும் படித்த பிறகே பணம் கொடுங்கள். வெங்காய விதை ஓராண்டுக்குள்ளேயே முளைப்புத்திறனைப் பெரிதும் இழந்துவிடும். தக்காளி விதை உலர்ந்த இடத்தில் சில ஆண்டுகள் தாங்கும். இரகத்தின் பெயர் தெரிந்து வாங்கினால் துணைக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 தக்காளியும், அதே பெயர் கொண்ட செடிமுருங்கையும் தமிழ்நாட்டுத் தோட்டக்காரர்கள் அறிந்த பெயர்கள்.

விதைகளைத் தனியாகக் கொடுக்காமல், தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் முடையும் பனை ஓலைப் பெட்டி ஒன்றில் அடுக்கிக் கொடுங்கள். பொட்டலங்களை வைத்துக்கொள்ள அதைவிட அழகான இடம் கிடையாது. ஓலை காற்றோட்டமாக இருப்பதால் உள்ளே வேர்த்துப் போகாது.

பாயின்செட்டியாச் செடி கொடுக்கலாமா? அது பண்டிகை முடிந்ததும் செத்துவிடுகிறதே?

கொடுக்கலாம், அதைக் காப்பாற்றவும் முடியும். மெக்சிகோ நாட்டுச் செடியான இதற்கு, அந்த நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகச் சென்ற ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் என்பவரின் பெயர் நிலைத்துவிட்டது. 1820-களில் அவர்தான் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். நாம் சிவப்புப் பூ என்று நினைப்பது பூவே அல்ல, நிறம் மாறிய இலைகள். நடுவில் மஞ்சளாகச் சிறு மணிகள் போல இருப்பவையே பூக்கள். தண்டை ஒடித்தால் பால் வடியும், ஏனென்றால் இது நம் ஊர்க் கள்ளியின் உறவு. அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் கவாத்து செய்யும்போது கையுறை வேண்டும்.

பண்டிகை முடிந்ததும் பச்சை இலைகள் உதிர்வதைப் பார்த்துப் பலர் செடி செத்துவிட்டது என்று வீசிவிடுகிறார்கள். பெரும்பாலும் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றியதே காரணமாக இருக்கும். தொட்டியைச் சுற்றியிருக்கும் பளபளப்புத் தாளை முதல் நாளே கழற்றிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும், ஏனென்றால் வடியும் நீர் அதற்குள் தேங்கி வேரை அழுகச் செய்கிறது. கோடையில் நிழலில் வைத்து, பாதியளவு வெட்டிவிட்டு, புதுத் துளிர்களை வளரவிடுங்கள். மறுபடியும் இலைகள் சிவக்க வேண்டுமானால், அக்டோபர் தொடங்கிச் சுமார் 8 வாரங்கள் இரவில் இடைவிடாத நீண்ட இருட்டு கிடைக்க வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தால்கூடச் செடி குழம்பிவிடும். எங்கள் மாடியில் ஓரத்துத் தெருவிளக்கு விழுவதால், மாலை 5 மணிக்கு ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, காலை 7 மணிக்கு எடுக்கிறோம். கவிழ்ப்பது என் பொறுப்பு, எடுப்பது அவர் பொறுப்பு. இரண்டு மாத காலம் நாள்தோறும் "பெட்டி போட்டாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது, டிசம்பரில் முதல் சிவப்பு தெரியும் காலையில் யார் முதலில் பார்த்தார்கள் என்பதில் ஒரு போட்டியும் உண்டு.

கொடைக்கானலுக்குப் போய்த் திரும்பும்போது அங்குள்ள நாற்றுப் பண்ணைகளில் பார்த்த செடிகளையெல்லாம் வாங்கி வர ஆசை வரும். மலைக்குளிரில் வளர்ந்த ஹைட்ரேஞ்சியா போன்றவை திருநெல்வேலி வெயிலில் தவித்துப் போகும். துணை அதைக் காப்பாற்றப் படும் பாட்டை நினைத்தாவது தவிர்த்துவிடுங்கள்.

உயிருள்ள கிறிஸ்துமஸ் மரத்தையே பரிசாகக் கொடுப்பது எப்படி?

மிக நல்ல பரிசு. நம் நாற்றுப் பண்ணைகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் அரோகேரியா. பசிபிக் பெருங்கடலின் தீவுகளைச் சேர்ந்த இனம். தட்டுத் தட்டாகக் கிளை விரிக்கும் அதன் அழகுக்குக் காரணம் நுனிக் குருத்து. அந்தக் குருத்து ஒடிந்தால் மரம் பழைய வடிவில் நேராக வளராது என்பதால், நட்சத்திரத்தை உச்சியில் செருகாமல் பின்னால் ஒரு குச்சி நட்டு அதில் கட்டுங்கள். வாங்கும்போதும் நுனி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பண்டிகை நாட்களில் மட்டும் வீட்டுக்குள் வைத்து, முடிந்ததும் வெளிச்சமான இடத்துக்கு மாற்றிவிட்டால் தொட்டியிலேயே பல ஆண்டுகள் மெதுவாக வளரும். எங்கள் மகள் பிறந்த ஆண்டில் வாங்கியது இன்று அவள் தோள் உயரத்துக்கு நிற்கிறது.

சவுக்குக் கிளையை வெட்டி வந்து வாளி மணலில் நட்டு, பஞ்சும் பலூனும் கட்டி அலங்கரித்த நாட்கள் என் சிறுவயதில் உண்டு. அந்தச் சவுக்கின் மணத்துக்கு ஈடு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பசும்புல் வேண்டும் என்கிறார். அது பரிசாகுமா?

ஆகும். அகலமான தட்டில் தென்னை நார்க்கழிவை விரல் கனத்துக்குப் பரப்பி, ஓர் இரவு ஊறவைத்த கேழ்வரகையோ கம்பையோ நெருக்கமாகத் தூவி, நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் தெளியுங்கள். டிசம்பர் 12, 13 வாக்கில் விதைத்தால் 24-ஆம் தேதி மாலைக்குச் சரியாக இருக்கும். அவருக்குத் தெரியாமல் வளர்ப்பதுதான் கடினம்.

செடிகளை விட்டுவிட்டு ஊருக்கு வரவே மாட்டேன் என்கிறார். இதற்கு ஏதாவது பரிசு உண்டா?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மனம் விட்டுச் சொன்னால், எங்கள் திருமண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் வாதாடியதும் இதைப் பற்றித்தான். நான்கு நாள் பயணத்துக்குத் திட்டமிட்டால் இரண்டாம் நாள் இரவே "மிளகாய் வாடியிருக்கும்" என்று தொடங்கிவிடுவார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. நம் மாடி வெயிலில் ஒரு வளர்ப்புப் பை ஒரே நாளில் காய்ந்துவிடும்.

இதற்கு விடை, நேரக்கருவி (டைமர்) பொருத்திய சொட்டுநீர்க் குழாய். பைக்கு ஒரு சொட்டுவான் (துளித்துளியாக நீர் விடும் சிறு முனை) வைத்தால் போதும். மணிக்கு 2 லிட்டர், 4 லிட்டர், 8 லிட்டர் விடும் அளவுகளில் அவை கிடைக்கின்றன. தொட்டிச் செடிகளுக்கு 2 லிட்டர் சொட்டுவானைக் காலையில் 15 நிமிடம் ஓடவிட்டால் அரை லிட்டர் இறங்கும். பெரிய பைக்கு இரண்டு சொட்டுவான் வைக்கலாம். வாங்கும்போது ஒன்றை மட்டும் தவறாமல் கேளுங்கள். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பைகளுக்கும் இடையே உயர வேறுபாடு மிகக் குறைவு. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தமே கிடைக்கும். சில நேரக்கருவிகள் அந்தக் குறைந்த அழுத்தத்தில் திறக்கவே திறக்காது. உள்ளே பந்துவால்வு (பால் வால்வு) வைத்த வகை அழுத்தமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். நான் முதலில் வாங்கியது தவறான வகை; இரண்டு நாள் கழித்து மாற்றி வாங்கினேன். வடிகட்டி ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள், இல்லாவிட்டால் தொட்டி வண்டல் சொட்டுவானை அடைத்துவிடும்.

பொருத்தி முடித்ததும் உடனே ஊருக்குக் கிளம்பாதீர்கள். 10 நாட்களாவது வீட்டிலிருந்தே ஓடவிட்டு, எல்லாப் பைகளிலும் விரலை விட்டு ஈரம் பார்க்க அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் அவர் பெட்டி கட்டுவார். புத்தாண்டுக்குக் குற்றாலத்தில் மூன்று முழு நாட்கள் நாங்கள் நிம்மதியாக இருந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். பரிசு பெற்றவர் அவர் என்றாலும், அதில் பாதி எனக்கும் கிடைத்தது.

இந்த ஆண்டு கையில் பணமில்லை. செலவில்லாமல் எதைக் கொடுப்பது?

உடல் உழைப்பைக் கொடுங்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை இங்கே யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணி கரைபுரண்டு எத்தனையோ குடும்பங்கள் வீட்டையே இழந்தன. அதன் முன்னால் ஒரு மாடித் தோட்டம் எவ்வளவு சிறியது என்பதை அறிந்தே சொல்கிறேன். எங்கள் பைகளில் வடிகால் துளைகள் அடைத்துக்கொண்டு, நான்கு நாட்கள் தண்ணீர் தேங்கி நின்றது. மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் வேர் அழுகிச் சாய்ந்தன. என் மனைவி நிவாரணத்துக்குச் சமைக்கும் குழுவோடு காலையில் போய் இரவில்தான் திரும்பினார். மாடிப் பக்கம் ஏறவே இல்லை. ஏறினால் அழுதுவிடுவேன் என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆண்டு கடைகள் திறந்திருந்தாலும் கடைக்குப் போக மனம் வரவில்லை. நானும் பிள்ளைகளும் 23, 24 ஆகிய இரண்டு நாட்களும் அவர் இல்லாத நேரத்தில் மாடியில் இருந்தோம். ஈரச் செம்மண் நிறைந்த பெரிய பை ஒன்று 30 கிலோவைத் தாண்டும். ஒவ்வொன்றையும் சாய்த்து, அழுகிய வேர்களைப் பிரித்தெடுத்து, மண்ணைத் தார்ப்பாயில் பரப்பி ஆறவிட்டு, அடித்துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, தென்னை நாரை அடியில் வைத்து மறுபடியும் நிரப்பினோம். 52 பைகள் முடிந்தன. மகள் ஒவ்வொரு பையிலும் ஐஸ்குச்சி நட்டு, அதில் முன்பு என்ன செடி இருந்தது என்று எழுதி வைத்தாள். கிறிஸ்துமஸ் காலையில் அவர் மாடிக்கு வந்து, வரிசையாகக் காலியாக நின்ற பைகளைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் ஒரு குச்சியை எடுத்துப் படித்தார். பிறகு கீழே போய் விதைப் பெட்டியை எடுத்து வந்தார்.

சாதாரண ஆண்டுகளில் இவ்வளவு வேண்டியதில்லை. "ஜனவரி முழுவதும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் நீ சொல்லும் வேலையைச் செய்வேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கொடுத்துவிட்டால் கட்டாயம் செய்யுங்கள்.

எவற்றை வாங்கக் கூடாது?

அடியில் துளை இல்லாத அலங்காரத் தொட்டிகளை வாங்க வேண்டாம். மண்ணில் செருகி ஈரம் காட்டும் மலிவான மானிகள் விரல் காட்டுவதைவிட அதிகமாக எதையும் காட்டுவதில்லை. பூச்சிக்கொல்லி மருந்துகளைப் பரிசாகக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கீரை பறித்துப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் தோட்டம் அது. அதற்குப் பதில் வேப்பெண்ணெயோ சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவோ கொடுங்கள்.

மாடியில் துணி காயப்போட இடமே இல்லை. இந்த நிலையில் மேலும் செடி வாங்கிக் கொடுப்பதா?

எங்கள் வீட்டில் இது எல்லைப் பேச்சுவார்த்தை அளவுக்குப் போனது. ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் செடி எதுவும் வாங்காமல், பற்றவைக்கும் கடையில் சொல்லி மூன்று தட்டுகள் கொண்ட ஒரு இரும்பு நிலையை அடித்து வந்தேன். தரையில் பரவிக் கிடந்த 18 தொட்டிகள் அதில் ஏறின. கொடிக்கயிறு இரண்டு திரும்பக் கிடைத்தன. கீழ்த்தட்டில் புதினாவும் வெற்றிலையும், மேல்தட்டில் வெயில் விரும்பும் செடிகளும் என்று அவரே அடுக்கினார். தளத்தில் நேரடியாகப் பைகளை வைக்காமல் சற்று உயர்த்தி வைத்தால் கீழே ஈரம் தங்காமல் கட்டடத்துக்கும் நல்லது. காலியான தரையில் பொங்கலுக்குள் புதிய பைகள் வந்து சேர்ந்துவிட்டன. அதற்கும் தயாராக இருங்கள்.

பிள்ளைகளும் பெரியவர்களும் எப்படிச் சேர்ந்துகொள்ளலாம்?

அம்மாவீட்டுச் செடி ஒன்றின் கிளையை விடப் பெரிய பரிசு ஒரு மகளுக்கு இருக்க முடியாது. டிசம்பர் பூ இதற்கென்றே பிறந்தது போன்ற செடி. பெயருக்கேற்ப இந்த மாதத்தில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும், தண்டை வெட்டி நட்டால் எளிதில் வேர் பிடிக்கும். என் மாமியார் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் தம் வீட்டு முற்றத்திலிருந்து நான்கு கிளைகளை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்கள். அவை இன்று படிக்கட்டு ஓரத்தில் இடுப்புயரத்துக்கு நிற்கின்றன. அவர்கள் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் அந்தப் பூவைத்தான் என் மனைவி சூடிக்கொள்கிறார்.

எப்போது, எப்படிக் கொடுப்பது?

அதிகாலை ஆராதனை முடிந்து வந்ததும், பலகாரத் தட்டுகள் அக்கம்பக்கத்துக்குப் போகத் தொடங்குவதற்கு முன்பு, மாடியில் வைத்துக் கொடுங்கள். வெளிச்சம் அப்போதுதான் பரவியிருக்கும், இலைகளில் பனி இருக்கும், இருவருக்கும் அரை மணி நேரம் கிடைக்கும். கனமான பொருளுக்குத் தாள் சுற்ற வேண்டாம். சணல் கயிற்றில் ஒரு சாமந்தியைச் செருகிக் கட்டினால் போதும், கயிறு பிறகு கொடி கட்ட உதவும். அவர் அதை அங்கேயே பயன்படுத்திப் பார்க்காமல் கீழே இறங்க மாட்டார் என்பதால், புதுப் புடவையின் மேல் சுற்றிக்கொள்ள ஒரு பழைய துண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.